பேட்டர்ன் எடுத்துப் போனவர்கள்

பவுண்டரித் தொழிலில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியோடு உறவை முடித்துக்கொள்ளக் கடிதம் எழுதுவதில்லை. டெம்போ அனுப்பிப் பேட்டர்னை எடுத்துக்கொண்டு போய்விடும். வார்க்க வேண்டிய உருப்படியின் மாதிரி அது. மரத்திலோ அலுமினியத்திலோ செய்திருப்பார்கள். அதை மண்ணில் பதித்து எடுத்தால் விழும் குழியில்தான் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவது. பேட்டர்ன் பம்ப் கம்பெனியின் சொத்து, ஆனால் அது கிடப்பது வார்த்துக் கொடுப்பவனின் பரணில். பரணில் அது இருக்கும்வரை இன்றில்லாவிட்டால் நாளை ஆர்டர் வரும். கணபதியிலிருந்து சின்னவேடம்பட்டி வரைக்கும் எந்தப் பட்டறை ஏன் மூடிக் கிடக்கிறது என்று கேட்டாலும் "பேட்டர்ன் போயிருச்சுங்க" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

ஐயாசாமியின் பட்டறையிலிருந்து பேட்டர்ன் போய் இரண்டு வருடம் நாலு மாதம் ஆகியிருந்தது. லட்சுமணசாமியின் பம்ப் கம்பெனிக்கு இருபது வருடம் வார்த்துக் கொடுத்தவர். கம்பெனி மகன் கைக்குப் போனதும் அரசூர்ப் பக்கம் ஒரு பெரிய பவுண்டரியைப் பிடித்தார்கள். அங்கே மண்ணை மிதிப்பதில்லை, மெஷின் அழுத்துகிறது. டெம்போ வந்த அன்று ஐயாசாமி சண்டை போடவில்லை. முப்பத்துநாலு பேட்டர்னையும் ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து, இடையில் சாக்கு வைத்து, தானே ஏற்றிக் கொடுத்தார். "இது டெம்பரவரிதானுங்க" என்று சொன்ன பர்ச்சேஸ் மேனேஜர் கண்ணையாவுக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் எரிந்த உலை மாதம் ஒரு நாள் எரிந்தது. சாக்கடை மூடி, கேட்டுக்கு வைக்கும் எடைக்கட்டி என்று கிடைத்ததை ஊற்றினார்கள். கடைசி ஆறு மாதமாக அதுவும் இல்லை. ஆட்கள் மூன்று பேரும் வேறு இடம் பார்த்துப் போனார்கள். பட்டறையில் மிச்சம் இருந்தது ஐயாசாமியும் அவர் மனைவி பழனியாத்தாளும்தான்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில் உக்கடத்திலிருந்து நசுருதீன் வந்தார். பழைய இரும்பு வாங்குகிறவர். உலையையும், காற்று ஊதும் புளோயரையும், மண் அடைக்கும் இரும்புப் பெட்டிகளையும் மொத்தமாகப் பேசி எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஷெட்டின் சொந்தக்காரர் கார்த்திகை ஒன்றாம் தேதிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். ஏதோ பார்சல் கம்பெனிக்குக் குடோனாக விடப் போகிறாராம்.

நசுருதீன் ஒரு பெட்டியைக் காலால் நகர்த்திப் பார்த்தார். "அண்ணே, உலையையும் புளோயரையும் பொருளாவே எடுத்துக்கறனுங்க. பெட்டி மட்டும் எடையிலதான். பெட்டியைப் பெட்டியாப் பார்த்து வெலை சொல்ற ஆளு இப்ப ஊருல இல்லீங்க."

"ஒவ்வொன்னும் பின்னு போட்டு நேராக்கி வெச்சிருக்கறனுங்க. எடையில போடறதுன்னா மனசு கேக்க மாட்டேங்குது."

"மனசை எடை போட எங்கிட்டத் தராசு இல்லீங்களே."

மூலையில் பழைய சாக்குகளை மடித்துக்கொண்டிருந்த பழனியாத்தாள் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். நசுருதீன் அவள் பக்கம் திரும்பினார். "சிரிங்க அக்கா. போன வாரம் பீளமேட்டுல ஒருத்தரு புளோயரைக் கட்டிப் புடிச்சுட்டு உடமாட்டேனுட்டாரு. நானும் அவருமா ஒரு மணி நேரம் உக்காந்து அழுதோம். அப்புறம் வண்டியில ஏத்திட்டு வந்தேன்."

"திங்கக்கெழம வண்டி கொண்டாந்துருவீங்களா?" என்று ஐயாசாமி கேட்டார்.

"மழை இல்லீனா காலையில எட்டு மணிக்கு."

அப்போதுதான் ஐயாசாமியின் போன் அடித்தது. எடுத்துப் பேர் பார்த்ததும் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது.

"சொல்லுங்க சார்... இருக்கறனுங்க... பட்டறையிலதானுங்க... எப்ப வேணா வாங்க சார், நீங்க வாரதுக்குக் கேக்கோணுமுங்களா."

போனை வைத்த பிறகும் அவர் உட்காரவில்லை. "கண்ணையா" என்றார் மனைவியிடம். "மறுக்கா நம்மகிட்டக் குடுக்கலாம்னு ரோசன பண்றாங்களாமா. நாளைக்கு வாராங்களாம்."

நசுருதீன் செருப்பை மாட்டிக்கொண்டார். வியாபாரம் போன வருத்தம் அவர் முகத்தில் இல்லை. "நல்லதுங்க. நான் வாராமலே போனா அது உங்களுக்குச் சந்தோசம். ஆனா ஒன்னு. எனக்கு மேட்டுப்பாளையத்துலிருந்து ஒரு பார்ட்டி உலை கேட்டுட்டு இருக்காரு. நான் ரொம்ப நாள் நிறுத்தி வெக்க முடியாது."

"நீங்க வேற இடம் பார்த்துக்குங்க" என்றார் ஐயாசாமி. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பழனியாத்தாள் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். மேலே ஒரு கரண்டி நெய் விட்டாள். அவர்களுடைய ஒரே மகன் எழில் டிப்ளமா மெக்கானிக்கல் படித்துவிட்டு காந்திபுரத்தில் செல்போன் கடையில் நிற்கிறான். தட்டைக் கையில் எடுத்தவன் நெய்யைப் பார்த்துவிட்டு, "என்னம்மா விசேசம்?" என்றான். சொன்னார்கள்.

"எதுக்கு இப்ப திடீர்னு வாராங்க?"

"கேசிங் ஒழுகுதாமா" என்றார் ஐயாசாமி. "அரசூருக்காரங்க ஊத்தறதுல நூத்துக்குப் பத்து, பன்னெண்டு, தண்ணி பிரஷர் வெச்சுப் பார்த்தா கழுத்துல கசியுதாமா. நம்ம உருப்படியில கடைசி வரைக்கும் பல வருசமா அந்தக் கம்ப்ளைன்ட்டே வந்ததில்லையே, ஏன்னு கேக்கறாங்க."

எழில் அம்மாவைப் பார்த்தான். அவள் அப்பளம் பொரிப்பதில் கவனமாக இருந்தாள்.

அந்தக் காரணம் அவளுடைய கைதான். கேசிங் என்பது பம்பின் இரும்புக் கூடு. அதற்குள்ளே தண்ணீர் சுழன்று ஓட வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடத்தின் வடிவில் மண்ணால் ஒரு கட்டி செய்து அச்சுக்குள் வைப்பார்கள். அதற்குக் கோர் என்று பெயர். இரும்பு அதைச் சுற்றி இறுகியதும் மண்ணைத் தட்டி உதிர்த்துவிடலாம். கோர் போடுவது பழனியாத்தாளின் வேலை. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு லோடு கேசிங் ஒழுகுகிறது என்று திரும்பி வந்தது. ஒவ்வொன்றாக நீர் நிரப்பிப் பார்த்தபோது எல்லாம் ஒரே இடத்தில், தண்ணீர் வெளியேறும் கழுத்துப் பக்கம், வியர்த்தது. அங்கே இரும்பு மெலிவாக விழுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அடுத்த தடவை கோரை உடைந்த ரம்பத் துண்டால் அந்த இடத்தில் இழைத்துவிட்டாள். மண் குறைந்தால் இரும்பு கூடும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஒன்றுமில்லாமல் கரைந்துபோகிற மாதிரி ஒரு வளைவு. அதன் பிறகு ஒரு கேசிங்கும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கோரையும் இழைத்தாள். கம்பெனிக்குச் சொல்லவில்லை. பெரியவர் லட்சுமணசாமி தன் கையால் போட்ட வரைபடம் அது. அதில் பிழை என்று எப்படிச் சொல்வது என்று ஐயாசாமி தடுத்துவிட்டார். பேட்டர்ன் போகும்போது அவள் கையும் சேர்ந்தா போகும்? இங்கேயே இருந்துவிட்டது.

"அப்பா, முதல்ல பர்ச்சேஸ் ஆர்டர் கையில வாங்கிக்குங்க. அப்புறம் காட்டுங்க."

"அவங்ககிட்டப் போயிப் பேப்பர் குடுங்கன்னு கேக்கறதா? இருவது வருசமா வாயில சொன்னதுதான் ஆர்டர்."

"அதனாலதான் போகறப்ப வாயிலகூடச் சொல்லாமப் போனாங்க."

"டேய், சோத்தைத் தின்னு."

"அம்மா, நீயாச்சும் சொல்லு."

பழனியாத்தாள் அப்பளத்தை அவன் தட்டில் வைத்தாள். "வரட்டும் கண்ணு. வந்து கேக்கட்டும்." அவள் குரலில் இருந்தது பயம் இல்லை. சட்டை போட்ட மனிதர்கள் ஒருநாள் வந்து, இதை யார் செய்தது என்று கேட்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. அந்த ராத்திரி அவளுக்கு அது மட்டும்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் கண்ணையா காரில் வந்து இறங்கினார். கூடவே சஃபியா என்ற ஒரு பெண். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர். கையில் அளவுக் கருவியும் போனும். கார் டிக்கியில் பழைய கேசிங் பேட்டர்னும் கோர்பெட்டியும் இருந்தன. ஐயாசாமி பேட்டர்னை இரண்டு கையாலும் வாங்கினார். அதன் அடியில் அவர் பெயிண்டால் எழுதிய நம்பர் அழியாமல் இருந்தது.

"உங்க கேசிங் அஞ்சு உருப்படியை வெட்டிப் பார்த்தோமுங்க" என்றாள் சஃபியா. "அஞ்சும் அஞ்சு கனம். எதை வெச்சு டிராயிங் மாத்தறதுன்னே தெரியில. ஒரு தடவை எல்லாப் பக்கமும் கனத்தைக் கூட்டிப் பார்த்தோம், பம்பு தண்ணி கம்மியாத் தள்ளுது. இது யாரு செஞ்சது?"

ஐயாசாமி மனைவி பக்கம் கையைக் காட்டினார்.

"அம்மாங்களா!" அந்தப் பெண் நிஜமாகவே வியந்தாள். "எனக்குச் செஞ்சு காட்டுவீங்களாம்மா?"

எழில் சொன்னது பழனியாத்தாளுக்கு நினைவில் இருந்தது. கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணையாவுக்கு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "காட்டு பழனி, எதுக்கு நிக்கற" என்றார்.

சிலிக்கேட் கலந்த மண்ணைப் பெட்டியில் அடைத்து, சிலிண்டரைத் திறந்து கேஸ் விட்டாள். அரை நிமிடத்தில் மண் கல்லானது. பெட்டியைப் பிரித்துக் கோரை மடியில் வைத்துக்கொண்டு ரம்பத் துண்டை எடுத்தாள். இரண்டு வருடத்துக்கு மேல் இழைக்காமல் இருந்த கை. முதல் இழுப்பிலேயே பழக்கம் வந்துவிட்டது. மணல் பொடியாக உதிர்ந்து புடவையில் விழுந்தது.

"சித்த மெதுவாத் தேயுங்கம்மா, வீடியோவுல தெரிய மாட்டேங்குது."

மெதுவாகத் தேய்த்தாள். அப்படித் தேய்க்க அவளுக்கே வரவில்லை, விரல் தடுமாறியது. இன்னொரு கோர் போட்டு மறுபடியும் காட்டினாள். சஃபியா இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை எடுத்தாள். தேய்த்த இடத்தில் எட்டுப் புள்ளி வைத்து அளந்து எழுதிக்கொண்டாள்.

"எங்க நிறுத்தோணும்னு எப்படித் தெரியும்மா?"

"பெருவிரலை வெச்சுப் பார்த்தா ஒரு பக்கம் உக்காரும், ஒரு பக்கம் வழுக்கும். வழுக்கற எடத்துல உட்டுரோணும் கண்ணு. இங்க வா, நீயே தொட்டுப் பாரு." அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள்.

"ஏனுங்க ஐயாசாமி, பதினொரு வருசம் வாயத் தொறக்கவே இல்லையே நீங்க?" என்றார் கண்ணையா.

"பெரியவரு போட்ட அளவுங்க. அதுல நாங்க கை வெச்சம்னு எப்படீங்க சொல்றது."

கண்ணையா டீயைக் குடித்தார். பிறகு, "சாம்பிளுக்குப் பத்து உருப்படி ஊத்திக் குடுங்க. டெஸ்ட்டுல பாஸ் ஆனா சின்னவருகிட்டப் பேசிப் பழையபடி ஆரம்பிச்சரலாம்" என்றார்.

பத்து உருப்படிக்கு உலையைப் பற்ற வைப்பவர்கள் யாரும் இல்லை. ஐயாசாமி பற்ற வைத்தார். கோக் கரி வாங்க எழில் சம்பள முன்பணம் வாங்கிக் கொடுத்தான், முணுமுணுத்துக்கொண்டே. பழைய ஆட்களில் சின்னானும் மாசாணமும் சனிக்கிழமையே லீவு போட்டு அச்சுக் கட்ட வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. காலையில் பிடித்த தீ பதினொரு மணிக்கெல்லாம் கூரைத் தகரத்தைச் சூடாக்கிவிட்டது. புளோயரின் இரைச்சலில் ஒருவருக்கொருவர் கத்திப் பேசினார்கள். உலையின் வாயைக் கம்பியால் குத்தி உடைத்ததும் இரும்பு வெள்ளையாக இறங்கியது. மாசாணம் இரும்பு ஏந்தும் லேடிலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, கை மறந்திருக்கும்னு நெனச்சேன். இது பொண்டாட்டி பேரை மறந்தாலும் மறக்காதாட்ட இருக்குது" என்றான். "உன்ற ஊட்டுல சொல்லட்டா?" என்றாள் பழனியாத்தாள். பத்து அச்சும் நிரம்பிய பிறகு மிச்ச இரும்பை எடைக்கட்டிகளாக ஊற்றினார்கள். கறிச் சோறு ஆக்கிப் போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது சின்னான், "பேட்டர்ன் வந்தோடனே சொல்லியுடுங்கண்ணா, இப்பப் பாக்கற வேலையிலிருந்து நின்னுக்கறேன்" என்றான்.

பத்து கேசிங்கும் பாஸ் ஆயின. செவ்வாய்க்கிழமை டெம்போ வந்தது. பேட்டர்னையும் கோர்பெட்டியையும் ஏற்றினார்கள். "டிராயிங் மாத்தோணுமில்லீங்க. மாத்திட்டு முப்பத்துநாலையும் சேர்த்து அனுப்பிருவோம்" என்று கண்ணையா போனில் சொன்னார். ஐயாசாமி பரணைத் தட்டித் துடைத்து, சுண்ணாம்பு அடித்தார். கரையான் பிடித்திருந்த ஒரு பலகையை மாற்றினார்.

தீபாவளி போயிற்று. கண்ணையாவின் போன் முதல் வாரத்தில், "பேசிட்டு இருக்கறோமுங்க" என்றது. இரண்டாம் வாரம், "மீட்டிங்ல இருக்கறேன், கூப்பிடறனுங்க." பிறகு அடித்துக்கொண்டே இருந்தது. ஷெட்காரர் தன் மகனை அனுப்பி, பார்சல் கம்பெனிக்காரர்கள் அளவெடுக்க வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐயாசாமி உக்கடத்துக்குப் போன் போட்டார்.

"அண்ணே, மேட்டுப்பாளையத்துக்காரருக்குச் சிங்காநல்லூருல ஒரு உலையை முடிச்சுக் குடுத்துட்டேனுங்களே" என்றார் நசுருதீன். "இனி உங்களுதுன்னா உலையும் எடையிலதான் போகும். இருந்தாலும் வாரேன். அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க."

அன்று மத்தியானம் பழனியாத்தாள் குளித்து, வெளியே கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"கம்பெனிக்குங்க. பெரியவரைப் பார்த்துக் கேட்டுட்டு வாரேன்."

"கூப்பிடாமப் போறதா?"

"கூப்பிடறவரைக்கும் ஷெட்டு இருக்காதுங்க."

டிவிஎஸ்ஸில் கொண்டுபோய்விட்டார். ஆனால் கேட்டுக்கு உள்ளே வர மறுத்துவிட்டார். கேட்டுக்கு எதிரே மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டார். இருபது வருடம் அவர்கள் வார்த்த இரும்பு அந்தக் கேட்டுக்குள் போயிருக்கிறது. பழனியாத்தாள் இன்றுதான் போகிறாள்.

லட்சுமணசாமிக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. பேரைச் சொன்னதும் உள்ளே விடச் சொன்னார். "வா அம்மணி, உக்காரு" என்றார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஒரு பையன் பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்து வைத்தான். அவர் முன்னால் வெள்ளைப் பீங்கான் கப்.

"ஐயாசாமி நல்லாருக்கானா?"

"இருக்காருங்க. வெளிய நிக்கறாருங்க."

"உள்ள வரலாமில்ல. கூச்சப்படறவன் அவன்." சிரித்தார். "அந்த வீடியோவை சஃபியா காட்டுச்சு. மூணு தடவை பார்த்தேன் அம்மணி. என்ற கணக்குத் தப்புன்னு பதினொரு வருசம் எனக்கு யாருமே சொல்லுல. நீயும் சொல்லுல பாரு."

"சொல்றதுக்கு நாங்க யாருங்க."

மேஜையில் ஒரு புதிய வரைபடம் விரித்துக் கிடந்தது. கழுத்துப் பக்கம் சிவப்பு மையில் எட்டுப் புள்ளி. அவள் பெருவிரல் வைத்த இடங்கள். அவளால் எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் அந்த வளைவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"பேட்டர்ன் எப்பங்க வரும்?"

லட்சுமணசாமி டீயை எடுத்துக் குடித்து, கீழே வைத்தார். "என்ற கையில இல்ல அம்மணி. பையன்தான் பாக்கறான். அவங்க நாளைக்கு முந்நூறு எடுக்கறாங்க. ஐயாசாமி வாரத்துக்கு எத்தன போடுவான்? எம்பது? நான் சொல்லிப் பார்த்தேன். எங்கப்பன் மாதிரி நான் இல்லீங்கறான்."

"பத்தும் பாஸ் ஆச்சுங்களே."

"ஆச்சு. அதுல ஒரு குறையும் இல்ல." மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஜன்னலைப் பார்த்தார். "ஒன்னு மட்டும் பாக்கி நிக்குது. இந்த அளவுல கோர் அடிக்கற புது டை வாரதுக்கு ரெண்டு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் அரசூருல கையிலதான் தேச்சாகோணும். அங்க இருக்கற புள்ளைக வீடியோவைப் பார்த்துத் தேய்க்குதுக, பாதி ஒடைஞ்சு போகுது. எங்க நிறுத்தறதுன்னு தெரியலையாம். நீ போய்ச் சொல்லிக் குடுத்தீன்னா நல்லாருக்கும். தினக்கூலி அவங்களே குடுத்துருவாங்க. மத்த பொம்பளைகளுக்குக் குடுக்கறதைவிடச் சேர்த்துக் குடுக்கச் சொல்றேன். நம்ம உறவு உட்டுப் போகக் கூடாதில்ல?"

டீயில் ஆடை படிந்திருந்தது. முடியாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லிவிட்டு வெளியே போனால் பார்சல் கம்பெனிக்காரர்கள் டேப்போடு வந்து நிற்பார்கள். எழிலின் முன்பணம் கரியாகிப் போனது. ஐயாசாமிக்கு ஐம்பத்தாறு வயது, இனி எந்தப் பட்டறையிலும் அச்சுக் கட்டும் மோல்டராகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"அரசூரு வண்டி எத்தன மணிக்குங்க வரும்?" என்று கேட்டாள்.

"திங்கக்கெழம காலையில ஏழரைக்கு. கணபதி டெக்ஸ்டூல்கிட்ட நிக்கும்."

"சரீங்க." டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஐயாசாமி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வண்டியைப் பிடித்தபடியே நின்றிருந்தார். அவள் கேட்டைத் தாண்டும் முன்பே, "என்ன சொன்னாரு?" என்றார்.

"திங்கக்கெழம வரச் சொல்லீருக்காருங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அப்பிடிச் சொல்லு. டெம்போ அவங்களே அனுப்பறாங்களாமா, நாம புடிக்கோணுமா? சின்னானுக்கு இன்னைக்கே சொல்லியுட்டாத்தான்..."

"இங்க இல்லீங்க. அரசூருக்கு. கோர் போடறதுக்கு. என்னையத்தான்."

ஐயாசாமி துண்டைத் தலையிலிருந்து எடுத்து, வண்டி சீட்டில் நின்ற தண்ணீரைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடியும் தூறல் விழுந்தது. மறுபடியும் துடைத்தார். அவள் ஏறி உட்கார்ந்து, அவர் தோளில் கை வைத்துக்கொண்டாள். வண்டியைக் கிளப்பாமல் அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தன நாளைக்கு?"

"அந்தப் புள்ளைக கத்துக்கற வரைக்குமுங்க."